கையளவுக் கல்

குஸ்கோ நகரின் தலைக்கு மேலே, மலைமுகட்டில், ஆளை விழுங்கும் பெருங்கற்களால் கட்டிய ஒரு மதில் நிற்கிறது. அதன் முன்னால் நின்று நான் வெகுநேரம் பார்த்தது உள்ளங்கை அளவே இருந்த ஒரு கல்லை. இரண்டு பெரும்பாறைகள் தோளோடு தோள் சேரும் இடத்தில், அவற்றின் விளிம்புகள் வளைந்து விலகும் மூலையில், அந்தச் சிறுகல் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஐந்து பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் தன் அண்டைக் கல்லின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டித் தடுத்திருந்ததால் தொட முடியவில்லை, கண்ணால் வருடினேன். சாந்து இல்லை, சல்லி இல்லை. நகம் நுழைய இடமில்லை என்று பார்வையே சொல்லிவிட்டது.

இடத்தின் பெயர் சக்சாய்வாமன். அந்த மண்ணின் மொழியான கெச்சுவாவில் ‘வாமன்’ என்றால் வல்லூறு. ‘சக்சாய்’ என்றால் வயிறு நிறைதல். பசியாறிய வல்லூறு என்று பலர் பொருள் சொல்கிறார்கள். பெரு நாட்டுக்கு வருகிறவர்கள் இந்த முகட்டுக்கு ஏறுவது பெரும்பாலும் கீழே விரியும் நகரைப் பார்க்க. நானும் அதற்காகத்தான் ஏறினேன். நகரும் தெரிந்தது. ஆனால் தெரிந்ததைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கையளவுக் கல்.

நகரின் நடுச்சதுக்கத்திலிருந்து வடக்கே ஏறும் சந்துகளில் நான் பிடித்தது ரெஸ்பலோசா என்னும் படிக்கட்டுத் தெரு. ஸ்பானிய மொழியில் ‘வழுக்குவது’ என்று பொருள். குஸ்கோவே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முகடு இன்னும் 300 மீட்டர் மேலே. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பத்துப் படி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. காலையில் குடித்த கோகா இலைத் தேநீரின் பச்சை வாடை நாக்கிலேயே இருந்தது. நின்ற ஒவ்வொரு முறையும் கண் பக்கத்துச் சுவரில் விழுந்தது. அடியில், ஸ்பானியருக்கு முன் இந்த மண்ணை ஆண்ட இன்காக்கள் அடுக்கிய கல். அதன் மேல் ஸ்பானியர் காலத்துச் சுடாத மண்செங்கல், வெள்ளைப் பூச்சு. அதற்கும் மேல் சிவந்த ஓடு. மூச்சு வாங்கிய ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே சுவரில் இரண்டு காலங்களைப் பார்த்தேன். வேகமாக ஏறக்கூடிய நுரையீரல் இருந்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்பேன்.

படிகள் முடியும் இடத்தில் சான் கிறிஸ்தோபல் தேவாலயம். அதையொட்டி கொல்காம்பாட்டா என்னும் பழைய அரண்மனையின் மாடச்சுவர். மாடங்கள் ஒவ்வொன்றும் அடி அகன்று மேலே குறுகியவை. இன்காக்களின் வாசல், சாளரம், மாடம் எல்லாவற்றுக்கும் இதுதான் வடிவம். சுவர்களும் நேர்க்குத்தாக எழாமல் சற்றே உள்ளே சாய்ந்திருக்கும். அடிக்கடி நிலம் அதிரும் நாட்டில் வாசலும் சுவரும் காலை அகட்டி ஊன்றி நிற்கும் மனிதனைப் போல நிற்கின்றன. 1950ஆம் ஆண்டு மே மாதத்து நிலநடுக்கத்தில் குஸ்கோவின் வீடுகளும் தேவாலயங்களும் ஏராளமாக இடிந்தன. சாந்தோ தொமிங்கோ மடத்தின் பிற்காலச் சுவர்கள் பிளந்து சரிந்தபோது, அவற்றுக்கு அடியில் இருந்த கொரிகாஞ்சா என்னும் சூரியன் கோயிலின் இன்காச் சுவர்கள் நின்றன.

அங்கிருந்து யூக்கலிப்டஸ் மரங்களின் வாசனையூடே இன்னும் கொஞ்ச நேரம் ஏறினால் நிலம் சட்டென்று சமமாகிறது. சுக்கிபாம்பா என்னும் புல்வெளி. ஜூன் மாதத்து உலர்காலம் என்பதால் புல் வைக்கோல் நிறத்தில் இருந்தது. லாமாக்கள் நாலைந்து தலை தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன. வெளியின் தெற்கு ஓரத்தில், ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு, மதில்.

ஒரு மதில் என்று சொல்வது சரியில்லை. மூன்று மதில்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, படியடுக்காக மலையில் ஏறுகின்றன. மூன்றும் நேர்கோட்டில் போவதில்லை. முன்னே நீண்டு, உள்ளே மடங்கி, மறுபடி நீண்டு, மரம் அறுக்கும் வாளின் பல்வரிசையாக ஓடுகின்றன. குஸ்கோ நகரையே ஒரு பூமாவின் உருவமாக இன்காக்கள் எண்ணினார்கள் என்பதை ஸ்பானியர் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. சாபி, துல்லுமாயு என்னும் இரண்டு சிற்றாறுகள் கூடும் இடத்துக்கு இன்றும் பூமசூப்பான் என்று பெயர்; பூமாவின் வால் என்பது பொருள். வால் அங்கே என்றால் தலை இந்த முகடு. அப்படியானால் இந்த வாள்வரிசை பூமாவின் பற்கள் என்கிறார்கள் சிலர். மின்னலையும் இடியையும் ஆளும் இய்யாப்பா என்னும் தெய்வத்தின் மின்னல் கோடு இது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் பிடித்திருந்தன. ஒரு கோட்டைப் பார்த்து விலங்கும் வானமும் சேர்ந்து நினைவுக்கு வந்தால், அது நல்ல கோடுதான்.

இந்த வளைவுகளின் நயம் வெயிலோடுதான் புரிகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே பதின்மூன்றரை பாகையில் இருக்கும் ஊர் இது. ஜூனில் உச்சிச் சூரியன் வடக்கு வானில் சாய்ந்து நிற்கிறது. மதிலின் முகமும் வடக்கு நோக்கியது. ஆகையால் நாளெல்லாம் வெயில் இந்தக் கற்களுக்கே. நான் போய்ச் சேர்ந்த காலைப்பொழுதில் ஒவ்வொரு பல்லின் கிழக்கு முகமும் வெண்ணெய் நிறத்தில் ஒளிர, மேற்கு முகம் நீலம் கலந்த சாம்பலில் குளிர்ந்து கிடந்தது. ஒளி, நிழல், ஒளி, நிழல் என்று மதில் முழுவதும் தாளம் போட்டாற்போல் ஓடியது. நண்பகலில் தாளம் அடங்கி எல்லா முகமும் ஒரே வெளுப்பாயிற்று. மூன்று மணிக்கு மேல் மறுபடி தொடங்கியது. இந்த முறை மேற்கு முகங்களில் பொன், கிழக்கு முகங்களில் நிழல். காலையில் பார்த்த மதிலின் மறுபக்கப் படிவத்தை மாலையில் பார்த்தேன். நேராகக் கட்டியிருந்தால் ஒரு மதில்தான் கிடைத்திருக்கும்.

அருகே போனால் ஒவ்வொரு கல்லுக்கும் இதே கணக்கு சிறிய அளவில் இருப்பது தெரிகிறது. எந்தக் கல்லின் முகமும் தட்டையில்லை. நடுவில் மெல்ல உப்பி, விளிம்பை நெருங்க நெருங்க உள்வாங்குகிறது. பஞ்சு அடைத்த தலையணை போல. இரண்டு கற்கள் சேரும் கோடு அதனால் ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. சாய்வெயில் அந்தப் பள்ளத்தில் நிழலை ஊற்றுகிறது. பத்தடி தள்ளி நின்றால் மதில் முழுவதும் மையால் வரைந்த வலை விரித்தாற்போல் இருக்கிறது. வலையின் கண்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஐந்து பக்கம், ஏழு பக்கம், ஒரு மூலையில் தோள் கொடுத்து மறுமூலையில் இடுப்பை வளைத்து, ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஒரு உருவோடு நிற்கிறது. கீழே நகரத்தில், ஹாதுன்ருமியோக் தெருவில், பன்னிரண்டு மூலைகள் கொண்ட ஒரு கல் பெரும்புகழோடு இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்க எப்போதும் கூட்டம். இங்கே அதன் உறவினர்கள் வரிசை வரிசையாக, பெயரும் புகழும் இல்லாமல் நிற்கிறார்கள்.

பெரிய கற்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று கவனித்தால் கட்டியவனின் மனம் பிடிபடுகிறது. அடி மதிலில், அதிலும் பற்களின் முனைகளில், வெளியே நீளும் மூலைகளில் பெரியவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணின் அழுத்தமும் அதிர்வும் முதலில் பதம் பார்க்கும் இடம் மூலைதான். அங்கே பாரத்தை வைத்து, உள்மடிப்புகளில் அளவைக் குறைத்துக்கொண்டு போகிறார்கள். மிகப் பெரிய மூலைக்கல் எட்டு மீட்டரைத் தாண்டுகிறது. எடை நூறு டன்னுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் முனை கூராக இல்லை. பெரிய பானையின் வயிற்றைப் போல் உருட்டி விட்டிருக்கிறார்கள். அத்தனை பாரத்தையும் பார்க்கிற கண்ணுக்கு மென்மையாகத் தோன்றச் செய்வது அந்த உருட்டல்தான்.

இந்தச் சுண்ணாம்புப் பாறைகளைச் செதுக்கியவர்களிடம் இரும்பு உளி கிடையாது. கல்லைக் கல்லால்தான் கொத்தினார்கள். 1980களில் ழான்-பியேர் புரோட்சன் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர் இன்காக்களின் கற்சுரங்கங்களுக்குப் போய், ஆற்றுப்படுகையின் கடினமான கூழாங்கற்களைக் கையில் எடுத்துத் தாமே பாறையைக் கொத்திப் பார்த்தார். கூழாங்கல்லை ஓங்கி அடிக்கத் தேவையில்லை. அதை அதன் எடையிலேயே விழ விட்டு, எம்பி வரும்போது பிடித்துக்கொண்டால் போதும். முகத்துக்குக் கனமான கல், விளிம்புக்கு இலேசான கல். அதனால்தான் பழைய கற்களில் நடுவே தழும்புகள் பெரிதாகவும் விளிம்பில் நுணுக்கமாகவும் இருக்கின்றன என்று அவர் கண்டார். அடுக்கும் முறையையும் எழுதினார்: கீழே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கல்லின் தலையை, மேலே வரப்போகும் கல்லின் அடிக்கு ஏற்றபடி கொத்துவது. வைத்துப் பார், தூக்கு, இடிக்கும் இடத்தைக் கொத்து, மறுபடி வை. நெருங்கும்வரை இதுவே.

இதைத் தெரிந்துகொண்டு மதிலைப் பார்ப்பது வேறு அனுபவம். ஒரு கல் புதிதாக வரும்போது அதற்கு இடம் கொடுக்கத் தன் தலையைக் குறைத்துக்கொள்வது ஏற்கெனவே இருக்கும் கல். வருகிற கல்லும் தன் உருவத்தை முழுதாக இழப்பதில்லை. எல்லாக் கல்லையும் ஒரே அச்சில் சதுரமாக்கி அடுக்குவது எளிது. குஸ்கோவின் கோயில்களில் அப்படி நேர்வரிசையாக அடுக்கவும் இவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வேண்டுமென்றே வேறு வழியைப் பிடித்திருக்கிறார்கள். பாறை எந்த உருவில் கிடைத்ததோ அந்த உருவில் பெரும்பகுதியைக் காப்பாற்றி, சேருமிடத்தில் மட்டும் உழைத்திருக்கிறார்கள். கல்தச்சனின் அறிவு முழுவதும் அந்தக் கோட்டில் குவிந்திருக்கிறது. பெருங்கற்களைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போது நாம் இயற்கை செய்ததை வியக்கிறோம். கோட்டைப் பார்க்கும்போதுதான் மனிதன் செய்ததை வியக்கிறோம்.

அந்த மனிதர்கள் யார்? பச்சாகுத்தி என்னும் இன்கா 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த வேலை இது. அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். அரசர் பெயர் கிடைக்கிறது, கொத்தியவர் பெயர் கிடைக்கவில்லை. தொகை மட்டும் கிடைக்கிறது. 1550ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருவெங்கும் நடந்து விசாரித்து எழுதிய பெத்ரோ சியேசா தெ லியோன், இங்கே 20,000 பேர் வேலை செய்ததாகக் கேட்டு எழுதிவைத்தார். 4,000 பேர் கல் பெயர்க்க, 6,000 பேர் தோலாலும் நாராலும் திரித்த வடங்களால் இழுக்க, மற்றவர்கள் அடித்தளம் தோண்டவும் மரம் வெட்டவும். எல்லோரும் நிரந்தர வேலையாட்கள் அல்லர். மிட்டா என்னும் ஏற்பாட்டின்படி ஊர் ஊராக ஆட்கள் வந்து, தங்கள் காலம் முடிந்ததும் திரும்பினார்கள். ‘மிட்டா’ என்ற கெச்சுவாச் சொல்லுக்கு நம் ‘முறை’தான் நேர்ப்பொருள்.

வண்டி இல்லை; சக்கரத்தை அவர்கள் பாரம் இழுக்கப் பயன்படுத்தவில்லை. மாடு இல்லை, குதிரை இல்லை. இருந்த ஒரே பொதிவிலங்கான லாமா முப்பது கிலோவுக்கு மேல் சுமந்தால் உட்கார்ந்துவிடும். ஆக, நூறு டன் கல் நகர்ந்தது வடத்தாலும் தோளாலும்தான். அந்த வடத்தின் கைத்திறன் இன்னும் அற்றுப்போகவில்லை. குஸ்கோவுக்குத் தெற்கே அபூரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்னும் புல்வடப் பாலத்தை, சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடி, புல்லைத் திரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். விரலளவு புரியிலிருந்து தொடைப் பருமன் வடம்வரை எல்லாம் கையால் திரித்தது. மதிலின் முன்னால் நிற்கும்போது இல்லாத அந்த வடங்களையும் மனத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும்.

இழுப்பு எப்போதும் வெற்றியில் முடியவில்லை. மதிலுக்கு வடக்கே ‘களைத்த கல்’ என்று ஒரு பாறையைக் குறித்து ஒரு பழங்கதை உண்டு. வெகுதொலைவு இழுபட்டு வந்த அந்தக் கல் களைத்துப்போய், இனி முடியாது என்று நின்றுவிட்டதாம். இரத்தக் கண்ணீர் விட்டதாம். குஸ்கோவில் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அதன் உட்பொருளையும் சொல்கிறார்: மலைச்சரிவில் கல் கையை மீறி உருண்டபோது இழுத்தவர்களில் மூவாயிரம் நாலாயிரம் பேர் மாண்டார்கள், அந்த இரத்தத்தைத்தான் மக்கள் கல்லின் கண்ணீர் என்றார்கள். தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மாண்டவர்களுக்காக அழவும் ஒரு கல்லையே ஏற்பாடு செய்த அந்த மக்களின் சொல்நயத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இழைத்து இழைத்துச் சேர்த்த இந்தக் கோடுகளுக்குப் பின்னால் அந்த விலையும் இருக்கிறது. அழகை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட முடியாது.

மதில்களின் ஊடே குறுகலான வாசல்கள் வழியாகப் படியேறி மேல்தளத்துக்குப் போனேன். மேலே ஏறியதும் ஒரு வெறுமை முகத்தில் அடிக்கிறது. கீழே அவ்வளவு கனம். மேலே புல்லும் காற்றும் அடித்தளக் கோடுகளும்தான். இங்கே மூன்று கோபுரங்கள் இருந்தன. முயுக் மார்கா, சல்லாக் மார்கா, பௌகார் மார்கா. ‘முயுக்’ என்றால் வட்டம். அந்த வட்டக் கோபுரத்தின் அடித்தளம் 1934ஆம் ஆண்டு லூயிஸ் வால்கார்செல் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்டது: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள், நடுவிலிருந்து ஆரங்களாக ஓடும் சுவர்கள், நீர் ஓடக் கல்லில் வெட்டிய கால்வாய்கள். அதன் விளிம்பில் நின்று பார்த்தால் தரையில் வரைந்த பெரிய சூரியன் போல் இருக்கிறது. இந்தக் கோபுரத்தில் தெளிந்த ஊற்றுநீர் பாய்ந்தது, அது வெகுதொலைவிலிருந்து நிலத்தடியில் வந்தது, வரும் வழியை இன்காவும் அவர் அவையோரும் மட்டுமே அறிந்திருந்தார்கள் என்று கார்சிலாசோ எழுதியிருக்கிறார். கால்வாய்கள் இப்போது உலர்ந்து கிடக்கின்றன. அவற்றின் வாட்டத்தைக் கண்ணால் பின்தொடர்ந்தால் தண்ணீர் எப்படித் திரும்பியிருக்கும் என்பது இன்றும் தெரிகிறது.

கோபுரங்கள் எங்கே போயின? அதற்கு விடை தெற்கு விளிம்புக்கு நாலடி நடந்தால் கிடைக்கிறது.

அங்கே நிலம் அறுந்து விழுகிறது. கீழே குஸ்கோ. பள்ளத்தாக்கின் கிண்ணம் முழுவதும் ஓட்டுக்கூரைகள். பழையவை பாசியேறிய பழுப்பு, புதியவை மிளகாய்ச் சிவப்பு. நடுவில் சதுக்கம் ஒரு பச்சைத் துண்டாகக் கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் பேராலயத்தின் இரட்டை மணிக்கோபுரம், அடுத்த பக்கம் இயேசு சபையாரின் தேவாலயம். நாய்க்குரைப்பும் மணியோசையும் பேருந்தின் ஒலிப்பானும் இவ்வளவு உயரத்துக்கும் தெளிவாக ஏறி வருகின்றன. எதிர்மலையின் சரிவில் பெருவை வாழ்த்தும் வாசகம் ஆளுயரத்தை விடப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. தென்கிழக்கே, மலைவரிசைகளுக்கெல்லாம் அப்பால், 6,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அவுசங்காத்தே பனிமலை வானத்தில் வைத்த உப்புக்கட்டி போல் வெளுத்திருந்தது.

இந்தக் காட்சியைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். நான் அந்தப் பேராலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1654இல் முடிந்த கட்டடம் அது. அதன் கற்களில் பெரும்பங்கு நான் நின்றுகொண்டிருந்த முகட்டிலிருந்து இறங்கியது. பேராலயம் மட்டுமல்ல, புதிய எஜமானர்களின் மாளிகைகளும் மடங்களும் இங்கிருந்து கல் எடுத்தன. பாறையை வெட்டிச் செதுக்கும் செலவில்லாமல், தயாராகச் செதுக்கிய கல் மலைமேல் குவிந்திருந்தது, உருட்டிவிட்டால் போதும். இந்த மலை நகரத்தின் கற்சுரங்கமாயிற்று. கோபுரங்கள் போயின. உள்கட்டடங்கள் போயின. தூக்க முடிந்த கல்லெல்லாம் போயிற்று. தூக்க முடியாதவை நின்றன. நாம் இன்று மலைத்துப் பார்க்கும் மதில், எடுத்தவர்களின் கைக்கு அடங்காத மிச்சம்.

அதனால் இந்த விளிம்பில் நின்று பார்க்கும் காட்சிக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. பிற மலைமுனைகளில் நிற்குமிடம் வேறு, பார்க்குமிடம் வேறு. இங்கே முதுகுக்குப் பின்னால் நிற்பதும் காலுக்குக் கீழே விரிவதும் ஒரே கட்டடத்தின் இரண்டு பாதிகள். மேலே பாரம் தங்கியது. கீழே இலேசானது இறங்கியது. நகரைப் பார்க்கிறவன் சக்சாய்வாமனின் காணாமல்போன பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குலைவதற்கு முன் இதைக் கண்ட ஸ்பானியர்களும் வியக்காமல் இல்லை. பெருவைக் கைப்பற்றிய ஸ்பானியப் படையின் தலைவர் பிசாரோவின் செயலாளராக வந்த பெத்ரோ சாஞ்சோ, செகோவியாவின் நீர்ப்பாலமோ ரோமர்களின் கட்டடங்களோ இதற்கு ஈடில்லை என்ற கருத்தை எழுதிவைத்தார். இரண்டே ஆண்டுகளில் இதே இடம் போர்க்களமாயிற்று. 1536இல் இன்கா அரசர் மாங்கோ இன்கா, ஸ்பானியர் கையிலிருந்த குஸ்கோவைப் பெரும்படையோடு வளைத்தார். சக்சாய்வாமன் அவர் வீரர்களின் கையில் இருந்தது. அதை மீட்கப் போன, பிசாரோவின் தம்பி ஹுவான் பிசாரோ, மதில் மேலிருந்து வந்த கல்லடி தலையில் பட்டு மாண்டார். கடைசியில் கோபுரங்கள் விழும் நிலை வந்தபோது, அவற்றைக் காத்து நின்ற இன்காத் தலைவர் ஒருவர் சரணடைய மறுத்து உச்சியிலிருந்து குதித்தார். கவீதே என்ற பெயரில் பெரு அவரை நினைக்கிறது. குஸ்கோவுக்கு ஸ்பானிய அரசு 1540இல் அளித்த நகர்ச்சின்னத்தில் ஒரு கோட்டையும் அதைச் சுற்றி எட்டுக் காண்டோர் கழுகுகளும் உண்டு. பிணந்தின்ன வந்த பறவைகள் சின்னமாயின. வென்றவர்களின் சின்னத்திலேயே வீழ்ந்தவர்களின் சாவும் இடம்பெற்றுவிட்டது.

இந்தக் குலைவைக் கண்ணால் கண்டு எழுதிய ஒருவர் உண்டென்றால் அவர் கார்சிலாசோதான். 1539இல் ஸ்பானியத் தளபதிக்கும் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் பிறந்தவர். சிறுவனாகத் தோழர்களோடு இந்த முகட்டுக்கு ஏறி விளையாடியவர். இங்கிருந்த நிலத்தடி வழிகள் மிகச் சிக்கலானவை, தெரிந்தவர்களே வாசலில் நூலுருண்டையைக் கட்டிக்கொண்டு அதன் துணையில்தான் உள்ளே போவார்கள் என்கிறார். சிறுவர்களான தாங்கள் வெயில் எட்டும் தூரம்வரைதான் போனோம், அதற்கு அப்பால் போகத் துணியவில்லை என்றும் சொல்கிறார். 1560இல், இருபது வயதில், ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். திரும்பவே இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1609இல், அவர் எழுதிய இன்காக்களின் வரலாறு லிஸ்பன் நகரில் அச்சேறியது. அதில் இந்த மதில்களும் கோபுரங்களும் பெயரோடு நிற்கின்றன. கற்கள் மலையிறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் கடல்கடந்த ஊரில் உட்கார்ந்து, சிறுவயதின் நினைவிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றியிருக்கிறார். வெயில் எட்டும் தூரம் என்ற அந்த ஓர் அளவு எனக்குப் போதும். அந்தச் சிறுவனின் கால் எந்த இடத்தில் தயங்கியது என்பதைக் காட்டிவிடுகிறது.

பிற்பகலில் புல்வெளியைக் கடந்து எதிரே உள்ள சுச்சுனா குன்றுக்குப் போனேன். அதன் பாறை இயற்கையாகவே வாய்க்கால் வாய்க்காலாகக் குழிந்து, பளிங்கு போல் வழவழத்திருக்கிறது. அதில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் கீழே கை விரித்து நிற்க, சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட சிறுமி கத்திக்கொண்டே வழுக்கி வந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். குன்றின் மேலே பாறையில் செதுக்கிய படிகள் உண்டு. இன்காவின் அரியணை என்கிறார்கள். அந்தப் படிகளின் விளிம்புகள் இன்றும் கத்தியால் வெட்டிய பனங்கற்கண்டு போல் கூராக இருக்கின்றன. எதிரே மதிலில் எல்லாம் வளைவு, இங்கே எல்லாம் நேர்க்கோடு. இரண்டும் ஒரே கைகளின் வேலை.

1944 முதல் ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் தேதி இந்த வெளியில் இந்தி ராய்மி என்னும் சூரிய விழாவை மீண்டும் நடத்துகிறார்கள். அந்த நாளில் இந்தப் புல்வெளி நிரம்பி வழியும். நான் போனபோது பத்திருபது பேர்தான் இருந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மதிலின் மையிட்ட வலை மறுபடி இருண்டு தெளிந்தது.

இறங்குவதற்கு முன் காலையில் பார்த்த கையளவுக் கல்லைத் தேடிப் போனேன். காலையில் நிழலில் இருந்த அதன் மேல் இப்போது வெயில் பட்டுக்கொண்டிருந்தது. முகத்தில் சுத்தியல்கல்லின் தழும்புகள் அம்மைத் தழும்பு போல் தெரிந்தன. விளிம்பை நெருங்க நெருங்கச் சிறுத்து, கடைசியில் மணல் அளவுக்குப் பொடிந்திருந்தன. இதை ஒருவர் மடியில் வைத்துக்கூடக் கொத்தியிருக்கலாம். நூறு டன் கல்லை நகர்த்த ஆயிரம் தோள்கள் வேண்டியிருந்தன. இந்த மூலையின் இடுக்குக்கு ஒரு மனிதரின் ஒரு நாள் போதும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மலையிலிருந்து போனவையெல்லாம் தூக்க முடிந்த கற்கள். இதையோ ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும். கோபுரங்களை இறக்கியவர்கள் இதை ஏன் விட்டுவைத்தார்கள்? இரண்டு பக்கமும் பார்த்தேன். பெருங்கற்கள் தங்கள் விளிம்புகளால் அதை நாலாபுறமும் அணைத்துப் பிடித்திருந்தன. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் அவற்றை அசைக்க வேண்டும். அவற்றை யாராலும் அசைக்க முடியவில்லை.

அதைக் கொத்தியவர் தன் முறை முடிந்து ஊருக்குத் திரும்பியிருப்பார். அவர் கொத்திய கல் இன்னும் தன் முறையில் இருக்கிறது. ரெஸ்பலோசாப் படிகளில் இறங்கும்போது சுவர்களின் அடியில் பழைய கற்கள் வரிசையாக வந்தன. சிலவற்றின் மேல் சாந்து, சிலவற்றின் மேல் வெள்ளை. ஒவ்வொன்றிலும் சேருமிடத்துக் கோட்டைத் தேடிப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, நகரத்துக்குள் இறங்கினேன்.